பதினேழு தொட்டிலும் ஒரு புது ஆபீசும்

1964 ஜூன் 7, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பதரை மணி. தொட்டில்கள் பதினேழு.

மகனே, கதவிலிருந்து எண்ணினால் உன்னுடையது பதினோராவது. இப்போது நீ அதில் இல்லை. இன்று தேயிலை மலையில் வேலை கிடையாது, நீ வீட்டில் உன் அம்மாவின் மடியில் கிடந்து அவள் தாலிக்கயிற்றைக் கடித்துக்கொண்டிருக்கிறாய். உனக்கு எட்டு மாதம். நான் எழுதுவது இந்த எட்டு மாதக்காரனுக்கு இல்லை. என்றைக்கோ ஒரு நாள் இருபத்தைந்து, முப்பது வயதில், வெள்ளைச் சட்டையோடு ஒரு மேசைக்குப் பின்னால் உட்காரப்போகிறாயே, அந்தப் பெரியவனுக்கு. அவனை எனக்குத் தெரியாது. தெரியாதவனிடம் பார்த்துப் பேச வேண்டும் என்பார்கள். எனக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. மத்தியானத்துக்குள் பட்டறைக்குப் போக வேண்டும். ஒரு பிரதி உனக்கு, ஒரு பிரதி பத்திரிகைக்கு. வீட்டில் வைத்தால் கரப்பான் தின்னும், அச்சில் வந்தால் எங்காவது ஒன்று தப்பும். அது அச்சாகி வருவதற்குள் நாளைய காரியம் முடிந்திருக்கும். பெயர் போடவில்லை. போடாவிட்டாலும் இந்தத் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும்.

நான் உட்கார்ந்திருக்கும் இடம் பிள்ளைக்காம்பரா. கொழுந்து எடுக்கப் போகிற பெண்கள் கைக்குழந்தையை விட்டுப் போகிற அறை. தகரக் கூரை, ஒரு அடுப்பு, உத்திரத்திலிருந்து தொங்கும் பழைய சேலைத் தொட்டில்கள், பார்த்துக்கொள்ள மாரியாயி என்று ஒரு பெண். அவ்வளவுதான். நேற்று வரை உனக்கு இதுதான் உலகம். வாசலில் நின்றால் எதிரே பழைய ஆபீஸ் தெரிகிறது. கதவு கழற்றிவிட்டார்கள், உள்ளே ஆடு கட்டியிருக்கிறது. ஆபீசுக்கு முன்னால் பெரட்டுக்களம். விடிந்ததும் எல்லாரும் அங்கே கூடி, பேர் பதிந்து, எந்த மலைக்குப் போவது என்று கேட்டுப் பிரிவார்கள். பெண்கள் பிள்ளையை இங்கே போட்டுவிட்டுப் பெரட்டுக்கு நடக்க முப்பது காலடி கூட வேண்டாம். பத்து மணி வாக்கில் கங்காணி பார்த்தும் பார்க்காதது மாதிரி இருப்பார், பச்சைப் பிள்ளைக்காரிகள் ஓடி வந்து பால் கொடுத்துவிட்டு ஓடுவார்கள். இதை யாரும் சட்டமாக எழுதவில்லை. பேர் பதிகிற இடமும் தொட்டில் தொங்குகிற இடமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததால் தானாக நடந்த காரியம்.

சித்திரை கழிந்ததும் ஆபீசைக் கீழே கொண்டுபோய்விட்டார்கள். வட்டகொடை ஸ்டேஷனுக்குப் போகிற ரோட்டோரம், புதுக் கட்டடம், செங்கல் சுவர், சிமெண்டுத் தரை, நீள வராந்தா. இங்கிருந்து இறக்கத்தில் ஒரு மைல். ஏறும்போது அது ஒரு மைல் இல்லை.

நான் சொல்வதைச் சரியாகக் கேள். இடம் மாற்றியது தப்பு என்று நான் சொல்லவில்லை. என்னைக் கேட்டிருந்தால் நானும் அங்கேதான் காட்டியிருப்பேன். லொறி வாசலுக்கு வரும். டெலிபோன் கம்பி இழுக்கலாம். பேக்டரி பக்கத்தில் இருப்பதால் அங்கே நான் ஓட்டுகிற எஞ்சினிலிருந்தே வெளிச்சம் கொடுக்கலாம். மேலே மழைக்காலத்தில் ஜீப் ஏறாது, இரண்டு தடவை நானே தள்ளியிருக்கிறேன். கொழும்பில் இரண்டு வருஷம் எஞ்சினும் மின்சாரமும் படித்துவிட்டு வந்தவன் நான், பழைய இடத்தைக் கட்டிக்கொண்டு அழுகிற ஜாதி இல்லை. மாற்றம் என்றாலே கூடாது என்பவனை எனக்குப் பிடிக்காது. ஆனால் மாற்றம் என்ற சொல்லைச் சொன்னதும் மூளையைக் கழற்றி ஆணியில் மாட்டுகிறவனை அதைவிடப் பிடிக்காது. அவன்கள்தான் மேசைக்குப் பின்னால் இருக்கிறான்கள். நீ போய் உட்காரப்போவதும் அங்கேதான்.

மாற்றுவதைப் பற்றிப் பேச மாசியில் ஒரு கூட்டம் போட்டார்கள். துரை, பெரிய கிளாக்கர், இரண்டு கணக்கப்பிள்ளைகள், டீமேக்கர், தோட்டத்துச் சங்கத் தலைவர், கடைசி நாற்காலியில் நான். ஏழு பேரும் மீசைக்காரர்கள். அலுமாரி எப்படி இறக்குவது என்று அரைமணி நேரம் பேசினார்கள். சுவர்க் கடிகாரத்தை யார் மடியில் வைத்துக்கொண்டு வருவது என்று பேசினார்கள். வாசலில் இருந்த ரோஜாத் தொட்டிகளைப் பற்றிப் பேசினார்கள். என்னிடம் எத்தனை பல்பு என்று கேட்டார்கள், சொன்னேன். பிறகு நான் கேட்டேன், பெரட்டும் கீழே போகிறது, கொழுந்து நிறுப்பதும் கீழே போகிறது, பிள்ளைக்காம்பரா எப்போது போகிறது என்று.

பெரிய கிளாக்கர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தம்பி, அது ஆபீஸ் சாமான் இல்லியே."

"சாமான் இல்லீங்க ஐயா. பிள்ளைங்க."

"அதத்தான் சொல்றேன். நாம மாத்துறது ஆபீச."

தலைவர் சிரித்தார். ஒரு கணக்கப்பிள்ளை, "அவரு வீட்டம்மா கொழுந்துக்குப் போறாங்கல்ல, அதான் தம்பிக்கு விசாரம்" என்றார். அதற்கு எல்லாரும் சிரித்தார்கள். துரை சிரிக்கவில்லை, அவருக்குப் பேச்சு முழுக்கப் புரியவில்லை. விளங்க வைத்ததும் இங்கிலீஷில் சொன்னார், அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. இந்தப் 'பிறகு' என்ற சொல்லை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள். ஒரு கூட்டத்தில் எந்தக் காரியத்தைப் பிறகு என்று தள்ளுகிறார்களோ, அந்தக் காரியத்துக்கு உரியவன் அந்த அறையில் இல்லை என்று அர்த்தம்.

உன் அம்மா கொழுந்துக்குப் போவது, மாதச் சம்பளம் வாங்குகிற இந்த ஸ்டாப்புக்காரர்களுக்குப் பொறுக்கவில்லை. கலியாணம் ஆன மாதமே பெரிய கிளாக்கர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நம்ம ஸ்டாப்பு பொஞ்சாதி கூடையத் தூக்கிட்டு மலைக்குப் போனா நமக்கெல்லாம் என்ன மரியாத?" என்றார். வீட்டில் வந்து சொன்னேன். உன் அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். "அவுக அம்மா எந்த ஊரு மகாராணியாம்?" என்று கேட்டுவிட்டுக் களைந்த தண்ணீரை வாசலில் ஊற்றினாள். அவள் கேட்டது சும்மா இல்லை. பெரிய கிளாக்கரின் தாயும் இதே தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர்தான். அவரும் இந்த உத்திரத்தில் தொங்கியவர்தான், மாரியாயியின் மாமியார்தான் அப்போது ஆட்டிவிட்டது. இங்கே உட்கார்ந்து மேலே பார்க்கும்போது, எந்த இடத்தில் தொங்கியிருப்பார் என்று யோசிக்கிறேன். துரை வேறு நாட்டு ஆள் மாதிரி, அவருக்குத் தெரியாது என்றால் நம்பலாம். தொட்டிலில் கிடந்து எழுந்தவன் அதைச் சாமான் இல்லை என்கிறானே, அவனைத்தான் நான் மன்னிப்பதில்லை. நீ படிப்பாய். படிக்க வைக்கத்தான் போகிறேன். படித்த பிறகு நீ அவரைப் போல ஆவதற்கு எவ்வளவு நாள் எடுக்கும் என்று எனக்குத் தெரியாது, ரொம்ப நாள் எடுக்காது என்று மட்டும் தெரியும்.

பால் காய்ச்சிக் குடி போனார்கள். ஆபீசுக்குப் பால் காய்ச்சுவதை நீ எங்காவது கேட்டிருக்கிறாயா? பஞ்சாங்கம் பார்த்து, நல்ல நேரம் குறித்து, மாவிலை கட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கி, பெரிய கிளாக்கரின் நாற்காலியைக் கிழக்குப் பார்த்துத் திருப்பிப் போட்டு, புது அடுப்பில் பால் பொங்கவிட்டார்கள். பொங்கிய பாலை எல்லாருக்கும் பித்தளைச் செம்பிலிருந்து ஊற்றிக் கொடுத்தார்கள். கையில் பால் வாங்கிக் குடித்த பெண்களில் பதினேழு பேர் அன்று காலை முதல் முறையாகப் பிள்ளையை மேலே விட்டுவிட்டு ஒரு மைல் இறங்கி வந்தவர்கள். அன்று நல்ல நாள் என்பதால் பிந்தி வந்தவர்களுக்கும் பேர் பதிந்தார்கள். மறுநாளிலிருந்து பதியவில்லை. பிந்தினால் பாதிச் சம்பளத்துக்கு அரைப்பேர், ரொம்பப் பிந்தினால் வீட்டுக்கு.

ஒரு காலை நான் உன் அம்மாவோடு நடந்து பார்த்தேன். அவள் வேண்டாம் என்றாள். "நீங்க வந்து என்ன செய்யப் போறீக, மைல்கல் நடப் போறீகளா?" நானும் விடவில்லை. கூடை தலையில், கம்பளி மடித்துத் தோளில், நீ இடுப்பில். முதலில் ஏறி வந்து உன்னை இங்கே தொட்டிலில் போட்டாள். நீ அழுதாய். மாரியாயி, "போ போ, நான் பாத்துக்கிறேன், திரும்பிப் பாக்காத" என்றாள். பிறகு இறங்கினோம். மழையில் பாதை வழுக்கியது. நான் இரண்டு தடவை விழுந்தேன், அவள் விழவில்லை. பெரட்டு கலைந்து கொண்டிருந்தது. கணக்கப்பிள்ளை என்னைப் பார்த்ததும் அவள் பேரைப் பதிந்தார். பின்னால் வந்த நான்கு பேரைப் பதியவில்லை. அவர்கள் திரும்பி மேலே ஏறினார்கள். அன்றே பெரிய கிளாக்கரிடம் போய், ஐயா ஒரே ஒரு நாள் இடுப்பில் பிள்ளையின் கனம் பதினாறு இறாத்தல் கட்டிக்கொண்டு என்னோடு நடந்து பாருங்கள் என்றேன். "எனக்கு மூட்டு வலி தம்பி" என்றார். உண்மைதான், அவருக்கு மூட்டுவலி. அதனால்தான் ஆபீஸ் ரோட்டோரம் வந்தது அவருக்கு இவ்வளவு பிடித்துப்போயிற்று.

கீழே பெரட்டு என்பதால் கீழ்மலைக்குத்தான் அனுப்புகிறார்கள். பத்து மணிக்கு ஓடி வர வழியில்லை. ஒரு நாள் உன் அம்மா வேலை முடிந்து வந்து, ரவிக்கை நனைந்து, கம்பளியைக் கழற்றாமலே அடுப்புப் பக்கம் உட்கார்ந்தாள். மழை என்று நினைத்தேன்.

"மழை இல்லீங்க. பால் கட்டிக்கிச்சு. வலி தாங்கல. ஒரு தேயிலைச் செடி மேல பீச்சி விட்டுட்டு வந்தேன்."

நான் அவள் கம்பளியைக் கழற்றிக் கொடியில் போட்டேன். அவளே சொன்னாள், "நாங்க ஆறு பேரு ஒரே நெரையில. கங்காணி அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாரு. அந்த நெரைக்கு இந்த வருசம் உரம் போடவேணாம்னு தொரைகிட்ட சொல்லிருங்க." சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. நீ உள்ளே சோற்றுக்கஞ்சி குடித்துவிட்டு வயிறு உப்பிக் கிடந்தாய்.

அடுத்த வாரம் இரண்டு மூன்று பேர் பிள்ளையை மலைக்கே கொண்டுபோனார்கள். உன் அம்மாவும். முள்முருங்கை மரத்தில் துணி கட்டி உன்னைப் போட்டிருக்கிறாள். மழை தூறியிருக்கிறது. மத்தியானம் எடுத்துப் பார்த்தால் உன் காதுக்குப் பின்னால் அட்டை, திராட்சை மாதிரி உப்பி. கழுத்து முழுக்க இரத்தம், நீ தூங்கிக்கொண்டிருந்தாய். இப்போது காதுக்குப் பின்னால் தடவிப் பார்க்காதே. ஒன்றும் இருக்காது. அட்டைக் கடி தழும்பு விடாது. அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

தலைவர் மனு எழுதினார். நன்றாகவே எழுதினார், மூன்று பக்கம். பதில் இல்லை. புது ஆபீசில் விசிட்டர் அறை என்று ஒன்று இருக்கிறது, கொம்பனியின் பெரிய அதிகாரி வருஷத்தில் இரண்டு தடவை வரும்போது கால்மணி நேரம் உட்கார. ஜன்னல் நான்கு, தரை காய்ந்த தரை, வெயில் வரும். அதைப் பிள்ளைகளுக்குத் திறந்து விடுங்கள், மாரியாயி கீழே வரத் தயார் என்று நானே போய்க் கேட்டேன். பெரிய கிளாக்கர், "அந்தாளு வந்தா எங்க உக்காருவாரு?" என்றார். உங்கள் நாற்காலியில் என்றேன். அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. சீட்டு அனுப்புகிறார்.

உன் தாத்தாவைப் பற்றியும் எழுதிவிடுகிறேன், என் அப்பா. நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருஷம் நாங்கள் இருந்த லயத்து வரிசை வீடுகளை மாற்றினார்கள். பங்களா வராந்தாவில் உட்கார்ந்து தேநீர் குடித்தால் லயத்துப் புகை கண்ணில் படுகிறது என்று அந்தக் காலத்துத் துரைக்குத் தோன்றியிருக்கிறது. முப்பது குடும்பத்தை ஓடைக்கு அந்தப் பக்கம், மலை மறைவுக்குத் தள்ளினார்கள். அப்பா எங்கள் கதவைக் கழற்றி முதுகில் கட்டித் தூக்கிக்கொண்டு போனார். புது இடத்தில் குழாயில் விழுகிற பீலித் தண்ணீர் இல்லை. அம்மா ஓடையில் இறங்கிக் குடம் சுமந்தாள், அந்த மழைக்காலம் முழுக்கச் சுமந்தாள். அப்பா கதவை மாட்டிவிட்டு வாசலில் நின்று சொன்ன ஒரே வார்த்தை, "காத்து நல்லா வருது." அவ்வளவுதான். பத்து வயதில் அதைக் கேட்டேன், இன்னும் காதிலிருந்து போகவில்லை. இப்போதும் என் கோபத்தைப் பார்த்துவிட்டு, "நமக்கெதுக்குப்பா, வேலய வச்சிருக்க, குவாட்டர்ஸ் வச்சிருக்க" என்கிறார். அவர் பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. சுதந்திரத்தோடு வந்த சட்டத்தில் தோட்டத்து ஆட்களுக்குக் குடியுரிமை போயிற்று, நான் எந்த நாட்டுக் குடிமகன் என்று எங்கும் எழுதியில்லை. அரசாங்க வேலைக்கு நான் போக முடியாது. இந்த எஞ்சின் போனால் இன்னொரு தோட்டத்து எஞ்சின், அதுவும் துரைமார் ஒருவரோடு ஒருவர் டெலிபோனில் பேசாமல் இருந்தால். உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு பேக்டரியில் ஆள் தேடுகிறார்கள் என்று கேள்வி. போனால் நீயும் கூடையில் உட்கார்ந்து வருவாய். தெரிந்துதான் செய்கிறேன்.

வெள்ளிக்கிழமை பெரிய கிளாக்கரிடமிருந்து சீட்டு வந்தது. திங்கள் காலை ஒன்பது மணிக்குக் கொம்பனி அதிகாரி புது ஆபீசைப் பார்க்க வருகிறார். துரைசாணி அம்மா வராந்தாவில் பன்னிரண்டு பூந்தொட்டி தொங்கவிட ஆசைப்படுகிறார். உத்திரத்தில் பன்னிரண்டு கொக்கி அடிக்க வேண்டியது.

சீட்டை மடித்துப் பையில் வைத்தேன். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் கொடுத்தேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாது, வாசித்துக் காட்டினேன். கொக்கி என்ற இடத்தில் நிறுத்தினேன். அவள் தொட்டிலில் கிடந்த உன்னைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"கனம் தாங்குமா?"

"பூந்தொட்டிக்குக் கால் அங்குலக் கம்பி போதும். நான் அரை அங்குலத்துல வளைக்கிறேன்."

"அப்ப கொக்கிய நீங்க அடிங்க. தொட்டில நாங்க கட்டிக்கிறோம். ஆம்பளைக யாரும் அங்க நிக்கவேணாம், முக்கியமா நீங்க. ஒங்க முடிச்சு அவுந்துரும்."

நேற்று கொழுந்து நிறுக்கிற இடத்தில் அவள் பதினாறு பேரிடமும் பேசிவிட்டாள். ஒருத்தி மட்டும் பயந்தாளாம். "ஒம் புள்ளயயும் நாந்தான் தூக்கிட்டு வருவேன், நீ ஒளிஞ்சு நின்னு பாரு" என்றாளாம் மாரியாயி.

உனக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான், மற்றதெல்லாம் கோபம். ஒரு நாள் உன் முன்னால் ஒரு வரைபடத்தை விரித்து, இந்த ஆபீசை இங்கிருந்து அங்கே கொண்டுபோகலாமா என்று கேட்பார்கள். செலவு கேட்பாய், வசதி கேட்பாய். கேள். ஆனால் வாயைத் திறக்கும் முன் எழுந்து வெளியே போய், அங்கே தினமும் யார் நடக்கப்போகிறார்கள் என்று பார். அவர்கள் கையில் என்ன இருக்கிறது என்று பார். அதை நீயும் தூக்கிக்கொண்டு, மழை நாளில், ஒரு தடவை நட. வந்து உட்கார்ந்த பிறகும் சரி என்று பட்டால் மாற்று. அதைச் செய்யாமல் கையெழுத்துப் போட்டாய் என்று கேள்விப்பட்டால், நான் உயிரோடு இருந்தால் உன் ஆபீஸ் வாசலுக்கு வருவேன். பேச வரமாட்டேன்.

தொட்டில்களை அளந்து முடித்துவிட்டேன். இனிச் செய்ய வேண்டியது:

1. பட்டறைக்குப் போய் மீதிக் கொக்கிகளை வளைப்பது. சீட்டில் பன்னிரண்டு. எனக்குப் பதினேழு.

2. வெளிச்சம் இருக்கும்போதே வராந்தா உத்திரத்தில் பன்னிரண்டையும் முறுக்குவது. ஒவ்வொன்றிலும் நானே தொங்கிப் பார்ப்பது. என்னைத் தாங்கினால் உங்களைத் தாங்கும்.

3. மீதி ஐந்துக்கு வராந்தாவில் இடமில்லை. அவை உள்ளே, பெரிய கிளாக்கரின் மேசைக்கும் அலுமாரிக்கும் நடுவில்.

4. நாளை விடியுமுன் பெண்கள் தொட்டில் கட்டி முடித்ததும், யாரும் ஏறி அவிழ்க்காதபடி தோட்டத்தில் உள்ள ஒரே உயரமான ஏணியைப் பட்டறைக்குள் வைத்துப் பூட்டுவது. சாவி என் பையில். எஞ்சின் ஓடும்போது நான் வெளியே வர முடியாது என்பது பெரிய கிளாக்கரே போட்ட சட்டம்.

5. விசிட்டர் அறைக் கதவில் எண்ணெய் விடுவது. அவர்கள் திறக்க முடிவு செய்தால் கதவு இறுகிவிட்டது என்று சொல்லக்கூடாது.

6. அப்பா பெரட்டுக்கு வருவார். வராந்தாவைப் பார்த்துவிட்டுக் காற்று நல்லா வருது என்று சொன்னால், இந்த ஒரு தடவை ஆமாம் என்பது.

7. உன்னை இன்று பகலில் தூங்கவிடாமல் பார்த்துக்கொள்வது. இரவு நன்றாகத் தூங்கி எழுந்து வந்தால்தான் தொண்டை சரியாக இருக்கும். உனக்குப் பதினோராவது இடம் இல்லை. உள்ளே, மேசைக்குப் பக்கத்துத் தொட்டில் உனக்கு. கொம்பனி அதிகாரியின் கார் வளைவில் திரும்புகிற சத்தம் கேட்டதும், அழு.